ஜோதிகாவின் புண் ஆறிய பிறகும்

உசிலம்பட்டியிலிருந்து வந்து திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் அனுசுயா, ஒன்பது மாத மகள் ஜோதிகாவைக் கம்பெனிக் காப்பகத்தில் விட்டிருந்தாள். ஒரு மாலை டயாபரைக் கழற்றினால் தொடையிடுக்கெல்லாம் செக்கச்செவேலென்று புண். காலையில் கட்டிவிட்ட அதே டயாபர்.

"ஈரம்தாம்மா காரணம்" என்றார் டாக்டர். "பவுடர் போடாதீங்க. வெறும் தண்ணியில கழுவி, ஒத்தித் துடைச்சு, கொஞ்ச நேரம் காத்தாட விட்டு இந்தக் களிம்பைத் தடவுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்தணும்."

காப்பக ஆயா பெரியாத்தாள் கையை விரித்தாள். "பன்னெண்டு கொழந்தைங்க கண்ணு. நானொருத்தி எப்புடி மாத்தறது?"

"அப்ப நானே வர்றேங்க்கா."

டீ நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாவற்றிலும் அனுசுயா காப்பகத்துக்கு ஓடினாள். சூப்பர்வைசர் முறைத்தார்.

"என் வேலையில கொறை இருந்தா சொல்லுங்க சார். பிள்ளைகிட்டப் போறதை நிறுத்த மாட்டேன்."

ஐந்தாம் நாள் சிவப்பு மறைந்தது. ஆனால் பக்கத்துத் தொட்டில் குழந்தைக்கும் அதே புண் இருந்ததை அவள் பார்த்திருந்தாள். மற்ற தாய்மாரையும் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போய் இன்னொரு ஆயா வேண்டுமென்று கேட்டாள். பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமும் போனாள், அதற்கடுத்த வாரமும் போனாள். நான்காவது வாரம் ஆள் வந்தது.