மருதாயியைக் கூட்டிவரப் போன லொறி

பலாங்கொடையில் பஸ்ஸுக்குப் பஞ்சமா? காலையில் ஏறினால் கொழும்பு, அங்கிருந்து வவுனியா, மறுநாள் மதியத்துக்குள் கிளிநொச்சி. இரண்டாயிரத்து இரண்டில் சண்டையை நிறுத்தி யாழ்ப்பாண றோட்டைத் திறந்ததும் எல்லாரும் அப்படித்தான் போய்வந்தார்கள். என் வீட்டுக்காரர் இருளப்பனுக்கு மட்டும் அது ஆகாது. லொறியில்தான் போவாராம். அதுவும் எந்த லொறியில்? தோட்டம் தேயிலைக் கொழுந்து ஏற்றி ஏற்றி, இனி உதவாது என்று கழித்துவிட்ட பெட்போட் லொறியில். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அந்த லொறியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை. பதினேழு வயதில் கிளீனராக ஏறியவர், இருபத்துமூன்றில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மலையிலிருந்து பெக்டரிக்குக் கொழுந்து, பெக்டரியிலிருந்து டவுனுக்குத் தேயிலைப் பெட்டி, வலி கண்ட பொம்பளைகளை ஆஸ்பத்திரிக்கு, செத்தவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் குடியிருக்கிற லயத்துக்கு. எல்லாம் அந்த லொறிதான். தொண்ணூற்றிரண்டில் தோட்டத்தைக் கொம்பனி எடுத்தது. புது லொறி வந்தது. பழையதைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். இவர் தோட்டத்துத் துரையிடம் போய் நின்று, கெஞ்சி, அதை வாங்கிக்கொண்டு வந்தார். லயத்துக்குக் கீழே பத்து வருஷம் நின்றது. கோழிதான் அதில் முட்டையிட்டது. “இத வச்சி என்னங்க செய்யப்போறீங்க?” என்று கேட்டால், “ஓடும்” என்பார். அவ்வளவுதான். வாயைத் திறந்தால் டீசல் செலவாகிவிடும் என்கிற மாதிரி ஆள்.

ஏன் லொறி என்பதற்கு அவரிடம் காரணம் இருந்தது. மருதாயி, இவருடைய ஒரே தங்கச்சி. எண்பத்தொன்று ஆவணிக் கலவரத்தில் சிங்கள ஆட்கள் வந்து லயத்துக்குத் தீ வைத்தார்களே, அப்போது அவளுடைய காம்பரா, அந்த ஒற்றை அறைதான் முதலில் எரிந்தது. அவளையும் புருஷனையும் ஐந்து மாதக் கைக்குழந்தை ஜீவராணியையும், வடக்கே வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஆட்களை ஏற்றிப்போன லொறி ஒன்றில் இவர்தான் ஏற்றிவிட்டார். நான் அப்போது நிறைமாதம். அதனால் நாங்கள் போகவில்லை. நிலைமை சரியானதும் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். நிலைமை எங்கே சரியானது? இருபத்தொரு வருஷம். இடையில் அவள் புருஷன் காய்ச்சலில் செத்துப்போனான். அந்தச் சேதி எங்களுக்கு வந்துசேர ஒன்றரை வருஷம் ஆனது. றோட்டைத் திறந்த கிழமையே இவர் முடிவெடுத்துவிட்டார். தங்கச்சியையும் மகளையும் சட்டிபானையோடு ஏற்றிக்கொண்டு வந்துவிடுவது. அதற்குத்தான் லொறி.

“வந்தா எங்கங்க வைக்கிறது?” என்று கேட்டேன். எங்களுக்கு ஒரே ஒரு காம்பரா. அதற்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்புத் திண்ணையில் தோளுக்கு மேல் வளர்ந்த இரண்டு பையன்கள் படுக்கிறார்கள்.

“வச்சிக்கலாம்.”

“எங்க? என் தலையிலயா?”

எழுந்து லொறியடிக்குப் போய்விட்டார்.

டவுனில் கராஜ் வைத்திருந்த றஊப் நானாவை மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பொனட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “யா அல்லாஹ்!” என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு அரை நாள் அதற்குள்ளேயே கிடந்து, மூஞ்சியெல்லாம் கறுப்பாக வெளியே வந்தார்.

“இருளப்பன், எஞ்சினுக்கு உசிர் ஈக்குது. மத்த ஒண்டுக்கும் இல்ல.”

“செய்யலாமா நானா?”

“செய்யலாம். பிரேக்க மாத்தாம மட்டும் எறங்கிறாதீங்க. புறகு கிளிநொச்சிக்குப் போக ஏலா, நேரா மேலதான் போவீங்க.”

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. இவருக்குப் பிரேக் என்றால் பிரேக்தான்.

இரண்டு மாதம். பிரேக்கை மாற்றினார்கள், கிளச்சை மாற்றினார்கள், ஓட்டை ரேடியேட்டரை இறக்கி ஈயம் வைத்தார்கள். வேறொரு லொறி கழற்றிப்போட்ட டயர் நான்கை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்று விடாமல் மனுஷன் லொறிக்கு அடியில். வீட்டில் அடுப்புக்கு மேலே தகரம் ஒழுகுகிறது, குழம்புச் சட்டியில் மழைத் தண்ணீர் சொட்டுகிறது. அதற்கு வைக்க இவரிடம் ஈயம் கிடையாது. ரேடியேட்டருக்கு உண்டு! நாள் முழுக்க மலையில் கூடை சுமந்துவிட்டு வந்து விறகும் நானே வெட்ட வேண்டியிருந்தது. திட்டினேன். லயம் முழுக்கக் கேட்கத் திட்டினேன். லொறிக்கு அடியில் இரண்டு கால் மட்டும்தான் தெரியும். அந்தக் கால்கள்கூட அசையாது.

அப்புறம்தான் பெரிய வேலையைச் செய்தார்.

கொழுந்து லொறியில் எப்போதும் இரண்டு தட்டுப் போடுவார்கள். ஒரே தட்டில் சாக்கை அடுக்கினால் அடியில் கிடக்கிற கொழுந்து நசுங்கிச் சூடாகிவிடும். அதனால் முழங்கால் உயரத்தில் பலகையால் இன்னொரு தட்டு. இருபது வருஷம் அப்படி ஓட்டியவருக்கு வேறெப்படி யோசனை வரும்? கீழ்த்தட்டில் அரிசி, சட்டி, தங்கச்சிக்குக் கொண்டுபோகிற சாமான். மேல்தட்டில் பாய் போட்டுப் பையன்கள். திரும்பி வரும்போது கீழே மருதாயியின் சாமான், மேலே ஆட்கள். நல்ல யோசனைதான், நானே சொல்கிறேன். பலகைக்கு எங்கே போனார்? ஒரு நாள் மலையிலிருந்து வந்து காம்பராவுக்குள் நுழைகிறேன், கட்டிலைக் காணோம்.

“என்னங்க இது! எங்கம்மா குடுத்த கட்டிலு!”

“பலாப் பலக. நல்லாத் தாங்கும்.”

“அப்ப நான் எதுலங்க படுக்கிறது?”

“மருதாயி வந்தா கட்டில் போட எடமில்லதானே, குமாரி.”

கேட்டீர்களா? என்னைச் சமாதானப்படுத்துகிறாராம்! அன்றைக்கு நான் சோறு ஆக்கவில்லை. மறுநாளும் ஆக்கவில்லை. பையன்கள்தான் பாவம், கடையில் பாண் ரொட்டி வாங்கித் தின்றார்கள். சிமெந்துத் தரையில் படுத்து எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கைக்குழந்தையில் பார்த்ததோடு சரி என்று இருந்த மருதாயியின் மகள் மேலேயும் எனக்கு அப்போதே கோபம் வந்துவிட்டது.

ஆடிக் கடைசியில் புறப்பட்டோம். மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்து, நான்கு டயருக்கும் எலுமிச்சங்காய் வைத்து நசுக்கி, மலையை இறங்கினோம். ஓடாது என்று நினைத்தேன். ஓடியது. இரத்தினபுரி, அவிசாவளை, கேகாலை, குருநாகல். ஒரு தடவை டயர் போனது, ஐந்து தடவை ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினோம், அவ்வளவுதான். மூத்தவன் பிரதீபன் மேல்தட்டில் படுத்துப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

வவுனியாவைத் தாண்டி ஆமிச் சாவடி. நீளமான வரிசை, நெருப்பு மாதிரி வெயில். ஒரு சின்னப் பொடியன் சிப்பாய் பின்னால் ஏறினான். தட்டைக் காலால் தட்டிப் பார்த்தான். டொக் டொக்கென்று கேட்டது. அவன் முகம் மாறிவிட்டது.

“மேக யட்ட மொனவாத?” என்று கத்தினான். இதற்குக் கீழே என்ன என்று கேட்கிறான்.

எங்களுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. இவர் இறங்கிப்போய்ச் சாவகாசமாகச் சொல்கிறார், கொழுந்து நசுங்காமல் இருக்கப் போடுகிற தட்டு மாத்தயா என்று. அந்தப் பொடியன் கடற்கரைப் பக்கத்து ஆள், தேயிலைச் செடியையே கண்டதில்லையாம். இங்கே தேயிலை எங்கே இருக்கிறது என்று கேட்டான். நியாயம்தானே? அந்த றோட்டில் லொறிக்கு இரண்டு தட்டு என்றால் ஒரே அர்த்தம்தான், எதையோ ஒளித்துக் கொண்டுபோகிறார்கள். அது கொழும்புக்காரனுக்குத் தெரியும், வவுனியாக்காரனுக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் யாருக்குத் தெரியும்? துப்பாக்கியோடு ஆறு பேர் சுற்றி நின்றார்கள். பையன்கள் இரண்டு பேரையும் தனியாகக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள்.

தட்டைப் பிரி என்றார்கள். இவர் கையாலேயே, கடப்பாரையால், ஒவ்வொரு பலகையாகக் கிளப்பினார். என் கட்டில் பலகை. அடித்தட்டையும் கிளப்பச் சொன்னார்கள். அது பழைய மரம், கிளப்பும்போதே பிளந்துபோனது. சாயங்காலம் போகலாம் என்று விட்டபோது லொறிக்குப் பின்பாதியில் குறுக்குச் சட்டங்கள் மட்டும்தான் மிச்சம், இடையில் றோட்டுத் தெரிந்தது. பலகையெல்லாம் ஓரத்தில் குவிந்து கிடந்தது. நான் அந்த இடத்திலேயே அவரைப் பிடித்து உலுக்காத குறை. “பஸ்ஸுல வந்திருந்தா இப்புடி ஆகுமா? சொல்லுங்க, ஆகுமா?” சட்டையெல்லாம் நனைந்துபோய் நின்றார். அரிசி மூட்டையை முன்பக்கம் இழுத்துவைத்துப் பையன்களை அதன்மேல் உட்காரச் சொன்னார்.

மருதாயி கிளிநொச்சிக்கு உள்ளே இரண்டு ஏக்கர் காணியில் கிடுகு வேய்ந்த கொட்டில் போட்டிருந்தாள். லொறிச் சத்தம் கேட்டு ஓடிவந்தவள், அண்ணன் நெஞ்சிலேயே இரண்டு கையாலும் அடித்தாள். “இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா? இப்பத்தான் தெரிஞ்சிச்சா?” அடிக்கட்டும் என்று இவர் நின்றார். நானும் தடுக்கவில்லை. அந்த ஒரு நேரம் அவளை எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று நாள் இருந்தோம். மூன்றாம் நாள் காலையில் இவர் வாயைத் திறந்து கேட்டார்.

“வந்துரு மருதாயி. ஏத்திக்கிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“நான் வரலண்ணே. கெணறு வெட்டியிருக்கேன், கச்சான் கடல போட்டிருக்கேன். மறுபடி லயத்துக்கு வந்து தொரைக்கு சலாம் போட என்னால முடியாது.” மகளைக் காட்டிச் சொன்னாள்: “இவள மட்டும் கூட்டிட்டுப் போங்க. இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆளுன்னு கேக்குறாங்க. எங்கிட்ட இருக்கிறது இவ ஒருத்திதான். சண்ட நின்னுருச்சிங்கிறாங்க, எனக்கு நம்பிக்கயில்ல.”

ஜீவராணி கதவோரம் நின்றாள். இருபத்தொரு வயது. கையில் பை. உடுப்பைக் கட்டி வைத்துக்கொண்டுதான் நின்றாள். “நான் ஒரு தொல்லயும் குடுக்கமாட்டேன் அத்த. கொழுந்து பறிக்கப் பழகிக்குவேன்” என்றாள். மாமனைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். யாரிடம் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தட்டே இல்லாத லொறியில வயசுப் புள்ளய எங்கங்க ஒக்கார வைக்கிறது? சட்டத்து மேலயா? அடுத்த தடவ தட்டப் போட்டுக்கிட்டு வருவோம். அப்ப ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டிக்கிட்டுப் போவோம்.”

இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. முன் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். நானும் அவரும் போக ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். புலிகள் இருக்கிற கிளிநொச்சியிலிருந்து ஒரு பெண் லயத்துக்கு வந்திருக்கிறாள் என்றால் மறுநாள் பொலிஸ் வரும், என் பையன்களைத்தான் முதலில் பிடிக்கும். அந்தப் பயம் ஒன்று. ஒரே காம்பராவில் அவளை வைத்துக்கொண்டு, கரையேற்றுகிற பொறுப்பையும் யார் எடுப்பது? அது ஒன்று. கட்டில் போன ஆத்திரமும் ஒன்று. ஆமாம், அதுவும்தான். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

இவர், “சரி, அடுத்த தடவ” என்றார். ஜீவராணி பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

திரும்பிவந்த மாதமே இவர் லொறிக்குத் தட்டுப் போட்டுவிட்டார். ஒரே தட்டு. “தையில போவமா?” என்றார். சின்னவனுக்குப் பரீட்சை என்றேன். “ஆடியில?” என்றார். என் இடுப்பு தாங்காது என்றேன். காரணத்துக்கா எனக்குப் பஞ்சம்? நான்கு வருஷம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டாயிரத்து ஆறு ஆவணியில் மறுபடி சண்டை வந்து றோட்டை மூடினார்கள். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது ஆனி மாதம், சண்டை முடிந்து ஆட்களை அடைத்து வைத்திருந்த வவுனியா முகாமிலிருந்து கடிதம் வந்தது. யாரோ எழுதிக்கொடுத்த எழுத்து. மருதாயி உயிரோடு இருக்கிறாள். ஜீவராணி சித்திரையில் செல் குண்டு விழுந்து செத்துப்போனாள். கடற்கரை மணலில் புதைத்தார்களாம், எந்த இடம் என்று இப்போது தெரியாதாம். நான்கே வரிதான்.

இவர் படித்தார். இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார். எனக்கு வெறி பிடித்துவிட்டது. பின்னாலேயே ஓடினேன்.

“திட்டுங்களேன்! ஒரு வார்த்த திட்டுங்களேன்! அன்னைக்கு நான் சொன்னேன்ல, கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க? அறைஞ்சிருக்கலாம்ல? இவளே, வாய மூடுன்னு சொல்லிட்டு அந்தப் புள்ளய ஏத்தியிருக்கலாம்ல?”

தண்ணீர்ப் பீலியடியில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவர் வாளி நிறைகிறவரைக்கும் காத்திருந்தார். நிறைந்ததும் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். எந்தக் காலத்தில்தான் அந்த மனுஷனுக்குக் கோபம் வரும்? முப்பது வருஷம் நான் ஒருத்தியே இரண்டு பேருக்கும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

முகாமில் சொந்தக்காரர்களைப் பார்க்க விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மறுகிழமை விடியற்காலையில் பஸ்ஸுக்குப் புறப்பட்டார். ஒரு சின்னப் பை, அதில் மருதாயிக்கு இரண்டு சேலை. நானும் முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தேன்.

“நானும் வர்றேங்க.”

அவர் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குரலில் கோபம் ஒரு துளி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“வந்து அவகிட்ட என்ன சொல்லுவ, குமாரி?”

நான் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.