தலையை மட்டும் ஆட்டுங்கோ

என் கணவரைப் போன்ற ஒரு மனிதரோடு இத்தனை வருசம் குடித்தனம் நடத்திய எனக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் அதிசயம். அவர் பெயர் மாமாங்கம். மட்டக்களப்பில் பிறந்தவர். இப்போது புலம்பெயர்ந்து வந்த நாட்டில், அஜக்ஸ் என்ற ஊரில், ஒரு வீட்டின் பேஸ்மென்டில் என்னோடு இருக்கிறார். குடிக்க மாட்டார், பொய் சொல்ல மாட்டார், இன்னொருவர் பெயரை எவரிடமும் சொல்ல மாட்டார். முதல் இரண்டும் நல்ல குணங்கள். மூன்றாவதால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

முன்பு ஸ்கார்பரோவில் ஒரு பிஸ்கற் பக்டரியில் வேலை செய்தார். ஒருநாள் யாரோ சூளையை நிறுத்தாமல் போனதில் அவ்வளவு மாவும் கருகிப்போனது. போனவன் யார் என்று இவருக்குத் தெரியும். சூப்பவைசர் கேட்கக் கேட்க, இவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அடுத்த மாதம் வேலை போனது. "அவனுக்குப் புள்ளை குட்டி இருக்கு" என்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதால் வயிறும் இல்லையாக்கும்.

பிறகு முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. நின்று செய்யும் வேலை எதுவும் ஏலாது. இருந்து செய்யக்கூடியது கார் ஓட்டம் மட்டும்தான். சொந்தமாகக் கார் வாங்க வழியில்லை. ஆட்களை ஏற்றி இறக்குகிறவர்களுக்கென்றே கிழமைக் கணக்கில் கார் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கொம்பனி ஒஷாவாவில் இருந்தது. அங்கே கையெழுத்து வைத்து ஒரு கார் எடுத்தார். எயார்போட், ரயில் ஸ்டேசன், ஆஸ்பத்திரி என்று ஓடினார். அந்தக் கார்தான் எங்கள் வீட்டு வாடகை, அதுதான் எங்கள் சோறு. கையெழுத்து வைத்தவரைத் தவிர வேறு எவரும் அதை ஓட்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது.

கொம்பனி என்னத்தையும் எழுதட்டும். எங்கள் சனத்தின் வீடுகளில் கார் ஒருவருடையது அல்ல. சாவி சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். செத்த வீடோ, ஆஸ்பத்திரியோ, அவசரம் உள்ளவன் எடுத்துக்கொண்டு போவான். ஒப்பந்தத்தில் உன் பெயர் இருக்கிறதா என்று அவனைக் கேட்பது, இலையில் சோற்றைப் போட்டுவிட்டுக் காசு கேட்பதைப் போன்றது.

பக்கத்து அறையில் என் அக்காவின் மகன் வினோதனும் அவன் மனைவியும் இருந்தார்கள். அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. கையில் இருந்தது தனியே ஓட்டக்கூடாத பழகுநர் லைசென்ஸ். ஒரு மத்தியானம், ஏழு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவிக்கு இரத்தம் போகத் தொடங்கியது. என் கணவர் விடியவிடிய கார் ஓடிவிட்டு வந்து, முழங்கால் நோவுக்குக் குளிசை போட்டுச் சரிந்திருந்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை.

"சித்தப்பா, சாவி" என்றான் வினோதன்.

"கொண்டு போ மகன்" என்றார் இவர்.

அம்புலன்சைக் கூப்பிட்டிருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை, கை சாவிக்குத்தான் போனது. அவன் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த பிளாசாவில் காரை விட்டுவிட்டு மனைவியைத் தாங்கிக்கொண்டு ஓடினான். கடைக்கு வருகிறவர்கள் மட்டுமே அங்கே காரை விடலாம். கடவுள் புண்ணியத்தில் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கிழமை கழித்து, பிளாசாவின் பார்க்கிங்கைப் பார்க்கும் தனியார் கொம்பனி அனுப்பிய தண்டம் கார்க் கொம்பனி வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தது.

கட்டி முடித்துவிடுவோம் என்றார் இவர். அத்தோடு போயிருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு கெட்டிக்காரன் இருந்தானே.

"சும்மா ஏன் சித்தப்பா கட்டுறது? ஆஸ்பத்திரிப் பேப்பர் இருக்கு. எமெர்ஜென்சி எண்டா விட்டுருவாங்க. நான் அப்பீல் போடுறன்."

இவருடைய பெயரில் அவனே போனில் எழுதினான். கர்ப்பிணியான என் மனைவியை அவசரமாகக் கொண்டுவந்தேன் என்று எழுதி, ஆஸ்பத்திரிப் பேப்பரை இணைத்து, தொடர்புக்குத் தன் நம்பரையும் கொடுத்தான். நல்ல இங்கிலீஷ் என்று தானே மெச்சிக்கொண்டான். பிளாசாவில் கமரா இருக்கும் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை. பார்க்கிங் கொம்பனி படத்தைப் பார்த்தது. காரிலிருந்து இறங்குகிறவன் தாடி வைத்த இளந்தாரி. கார்க் கொம்பனி கொடுத்த விபரப்படி காரை வாடகைக்கு எடுத்தவரோ அறுபதை நெருங்குகிறவர். ஓட்டியது உங்கள் ஆள்தானா என்று கேட்டு, படத்தைக் கார்க் கொம்பனிக்கு அனுப்பிவிட்டது.

காரையும் கொண்டு ஒஷாவாவுக்கு வரச்சொன்னார்கள். நானும் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவன் கிளிபோட் என்ற தமிழ்ப் பிள்ளை, மன்னார்ப் பக்கம். மரியாதையாகத்தான் கதைத்தான்.

"அண்ணை, விசயத்தை வடிவாக் கேளுங்கோ. நீங்கள் காரைக் குடுத்தனீங்கள் எண்டால் இண்டைக்கே ஒப்பந்தம் முடிஞ்சுது. இன்சூரன்சுக்கும் அறிவிக்க வேணும். பிறகு வேற ஒரு இடத்திலயும் உங்களுக்குக் கார் தரமாட்டினம். உவன் கேக்காமல் எடுத்தவன் எண்டால் பிழை உவன்ர. நான் பொலிசுக்கு எழுதிவிடுவன், கார் உங்களிட்டயே இருக்கும்."

இவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். கிளிபோட் படத்தை எங்கள் பக்கம் திருப்பினான்.

"பேர் சொல்ல விருப்பமில்லையெண்டால் விடுங்கோ. உவன்தான் கேக்காமல் எடுத்தவன் எண்டு தலையை மட்டும் ஆட்டுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

அந்தப் பிள்ளையில் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் பிறக்க முந்திய கதை அது. தொண்ணூறாம் ஆண்டு, ஊர் ஆண்கள் எல்லோரையும் ஆமிக்காரர் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தினார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்க, தலையில் சாக்குப் போட்ட ஒருவன் கதிரையில் இருந்தான். கண் இருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் நடந்தார்கள். இவர் நடந்தார், சாக்கு அசையவில்லை. பின்னால் இவருடைய தம்பி நடந்தான், சாக்கு மேலும் கீழும் அசைந்தது. தம்பி லொறியில் ஏறினான். இன்றுவரை வரவில்லை. அதன் பிறகு இவர் எதற்கும் தலையாட்டி நான் கண்டதில்லை. சோறு காணுமா என்று கேட்டால்கூட வாயால்தான் "ஓம்" என்பார்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் மேசைக்குக் கீழே என் காலால் அவருடைய காலை இடித்தேன். "ஆட்டுங்க" என்றேன். படத்தில் இருந்தது என் அக்கா பெற்ற பிள்ளைதான். இருந்தாலும் எனக்கு என் அடுப்புப் பெரிது. அதற்கு நான் வெட்கப்படவில்லை. அவருடைய கழுத்து மரக்கட்டையாக நின்றது.

கிளிபோட் பெருமூச்சு விட்டான். அப்பீலில் இருந்த நம்பருக்கு அடித்தான். பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டிருப்பான் போல, வினோதன் சமையல் வேலையை விட்டுவிட்டு ஏப்ரனோடு வந்து நின்றான்.

"தம்பி, சாவி நீர் கேக்காமல் எடுத்ததோ, இல்லாட்டி இவர் தந்ததோ?" கிளிபோட் என் கணவரைக் கையால் காட்டினான். "இவர்தானோ?"

வினோதன் இவரைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

இவர் எழும்பிவிட்டார். "ஓம் தம்பி, நான்தான் குடுத்தன். என்ட பேரை மட்டும் எழுதுங்க. அவன்ட பேர் வேணாம்."

கிளிபோட் அப்படியே எழுதினான். பிறகு காருக்குள் இருக்கும் சாமான்களை எடுக்கச் சொன்னான். மாமாங்கேஸ்வரர் படத்தையும், முதுகுக்கு வைக்கும் தலையணையையும், தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றோம். வினோதன் எங்களோடு வரவில்லை.

பஸ்ஸில் நான் வாய் மூடவில்லை. "எங்கட சோத்தைத் திண்டுபோட்டு, மூஞ்சியைப் பாத்துக்கொண்டே ஆட்டுறான். அவன் நல்லா இருப்பானா?"

"பேசாத புள்ள" என்றார். "அவன் உண்மையைத்தான் சொன்னான்."

"உண்மை எண்டா அதை வாயால சொல்றதுக்கு என்ன?"

அவர் தலையணையை மடியில் அணைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைக்கவும் இல்லை. அவர் அழுது அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். வினோதனும் மனைவியும் அந்தக் கிழமையே விட்பிக்கு மாறிப் போனார்கள். சொல்லிக்கொண்டு போகவும் இல்லை.

கிளிபோட் சொன்னபடியே நடந்தது. ஒருவரும் இவருக்குக் கார் கொடுக்கவில்லை. மார்கழியில் ஒரு கட்டடத்தில் காவல் வேலை இருப்பதாகக் கோயிலில் ஒருவர் சொன்னார். கதிரையில் இருந்து வாசலைப் பார்க்கிற வேலை. முழங்காலுக்கு ஏற்றது. விண்ணப்பத்தை நிரப்பக் கதிரையில் குந்தினார். பெயர், விலாசம், பழைய வேலை எல்லாம் எழுதினார். கடைசியில் பேனை நின்றுவிட்டது. உங்களைத் தெரிந்த இருவரின் பெயரும் போன் நம்பரும் என்று கேட்டிருந்தது.

"கோயில் தலைவர்ட பேரை எழுதுங்க. மேல்வீட்டுக்காரர்ட பேரை எழுதுங்க. இதில என்ன இருக்கு?" என்று கத்தினேன்.

"மறுகா அவங்களைத் தேடி ஆராவது போனா?" என்றார்.

பேனையைப் பறித்து ஒன்றில் என் பெயரை எழுதினேன். மற்றதில் எழுத அவர் விடவில்லை. மனைவியின் பெயர் செல்லாது என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.