ஹவுல் மீனுக்குச் செட்டை முளைத்த கதை

மர்சூக்கின் இடது காலில் மூன்று விரல்கள்தான் மிச்சம். மற்ற இரண்டையும் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு கொண்டுபோய்விட்டது.

கண்டி நகரில் ஒரு புடவைக்கடையில் இருபத்தாறு வருடம் நின்ற கால் அது. கலியாணச் சேலை எடுக்க வருகிற குடும்பம் எத்தனை சேலையைக் கலைத்துப் போட்டாலும் முகம் கோணாமல் மடித்து வைப்பார். புதுச் செருப்பு கடித்து ஒரு சின்னப் புண் வந்தபோதும் அப்படித்தான், முகம் கோணாமல் மறைத்தார். பதினொரு நாள் மறைத்தார். கடைசியில் மனைவி பாயிஸா அவருடைய காலுறையைத் துவைக்க எடுத்தபோது அடித்த வாடையில்தான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் விரல்களைக் காப்பாற்ற முடியாமல் போயிற்று.

நிற்க முடியாதவருக்குப் புடவைக்கடையில் என்ன வேலை? எட்டு மாதம் வீட்டில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். பிறகுதான் மடவளைக்குப் போகிற வழியில் உள்ள மேட்டுத்தெருப் பள்ளிவாசலில் ஹவுலைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. தொழுகைக்கு வருகிறவர்கள் சுற்றி உட்கார்ந்து வாய், முகம், கை, கால் கழுவி வுழு செய்கிற பெரிய தண்ணீர்த் தொட்டிதான் ஹவுல். அதில் பதினான்கு தங்க மீன்கள். நுளம்புக் குடம்பி, அதாவது கொசுப் புழு, சேராமல் இருக்க விட்டவை, வளர்ந்து உள்ளங்கை அளவு வந்துவிட்டன. மர்சூக் கல்விளிம்பில் உட்கார்ந்தால் பதினான்கும் அவர் பக்கம் வந்துவிடும். எட்டு மாதத்துக்குப் பிறகு, அவரைத் தேடி வந்த முதல் உயிர்கள் அவை.

நோன்பு மாதம் வருவதற்கு முன்னால் ஹவுலைக் கழுவுவது அந்தப் பள்ளியின் வழக்கம். தண்ணீரை இறைத்து, தென்னந்தும்பால் பாசியைத் தேய்த்தெடுக்க இரண்டு நாள் போகும். முழங்காலை மடித்துத் தேய்க்க வேண்டும். மர்சூக்கால் அரை மணித்தியாலம்கூட முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கடையில் இரண்டு பைக்கற் ப்ளீச்சிங் தூள் வாங்கி வந்து தொட்டி முழுக்கத் தூவினார். ஒரு தரம் அலசினார். புதுத் தண்ணீரை நிரப்பி, வாளிகளில் இருந்த மீன்களை அன்றே விட்டார். கல் பளபளவென்று மின்னியது. எல்லோரும் மெச்சினார்கள்.

நாலாம் நாள் மீன்களின் செட்டையில், நீந்துகிற துடுப்பில், ஓரம் வெளுத்திருந்தது. ஆறாம் நாள் கறையான் அரித்த கடதாசி மாதிரி கிழியத் தொடங்கியது. அழுக்குத்தான் காரணம் என்று நினைத்த மர்சூக், கிருமி சாகட்டும் என்று இன்னொரு பிடி தூளைத் தண்ணீரிலேயே கரைத்தார். ஒன்பதாம் நாள் காலையில் இரண்டு மீன்கள் மிதந்தன.

பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர் ஷிராஸ் ஹாஜியார் வந்து பார்த்தார். கோபக்காரர் அல்ல. அதுதான் மர்சூக்குக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மர்சூக், நான் ஒங்களக் கொற சொல்லல்ல. ஆனா சனம் வாய்ல போடுற தண்ணி இது. செத்த மீன் மெதக்கிற ஹவுல்ல ஆரு வாய் கொப்புளிக்கிற?"

"மருந்து போட்டுப் பாக்கிறேன் ஹாஜியார்."

"மருந்து போட்டு நெறம் மாறின தண்ணில வுழு செய்ய ஏலாதே. மௌலவியும் அதத்தான் சொல்றார். மீன எடுத்துக்கொண்டு பெய்த்து வேற எடத்துல பாருங்க. தலைநோன்புக்கு இன்னும் முப்பது நாள் ஈக்குது. அதுக்குள்ள சொகமாகல்லாட்டி ஹவுல மூடிட்டு பைப் வரிசை போடுவோம். மத்தப் பள்ளியெல்லாம் எப்பவோ போட்டாச்சு."

ஹவுல் இல்லையென்றால் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் தேவையில்லை. மூன்று விரல் காலோடு மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அன்று வீட்டுக்குப் போகிற ஏற்றத்தில் மர்சூக் மூன்று இடத்தில் நின்று நின்று போனார். கால் வலியால் மட்டும் அல்ல.

கடல்மீன் விற்கிறவரிடம் நாலு பழைய ரெஜிபோம் நுரைப் பெட்டிகளை வாங்கிக் கழுவி, பன்னிரண்டு மீன்களையும் சமையலறைக்குப் பக்கத்து விறாந்தையில் வைத்தார். பாயிஸா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"மீனுக்கு ஆஸ்பத்திரியும் தொறந்தாச்சு. எனக்கொரு நேர்ஸ் உடுப்புத் தச்சுத் தாங்க."

"சும்மா இரி பாயிஸா."

"சும்மாதான் ஈக்கிறேன். எந்தப் பெட்டிலயாவது கறிக்கு ஏத்தது ஈக்கா எண்டு பாத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. அவள் அதைக் கவனித்துக்கொண்டாள்.

கட்டுகஸ்தோட்டையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் திவாகரன் புசல்லாவைக்காரர். படத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்ததும், "இது செட்டை அழுகல் நானா" என்றார். "தண்ணி கெட்டாலோ, மீனுக்கு ஒடம்புல காயம் பட்டாலோ கிருமி பூந்துக்கும். தண்ணிக்கு ஏதாச்சும் போட்டீங்களா? சோப்பு, ப்ளீச்சிங், அப்படி எதாச்சும்?"

மர்சூக் ஒரு கணம் கடைக் கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்தார்.

"இல்ல தம்பி. சுத்தமான தண்ணிதான்."

திவாகரன் நீல மருந்துப் போத்தல் ஒன்றும், காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டார் ஒன்றும் கொடுத்தார். "சில பேர் அழுகின ஓரத்த கத்தரிக்கோலால வெட்டி விடுவாங்க" என்றும் சொன்னார்.

"வெட்ட வாணாம்" என்றார் மர்சூக். தன் இடது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வெட்டாமப் பாப்போம் தம்பி."

நாலு நாள் கண்ணும் கருத்துமாகப் பார்த்தார். சுத்தம் முக்கியம் என்று தினமும் பெட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டி, பைப்பைத் திறந்து புதுத் தண்ணீர் நிரப்பி, மருந்து விட்டார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அரிப்பு செட்டையின் அடி வரை போயிற்று. நாலாம் நாள் பின்னேரம் இன்னும் இரண்டு செத்தன. மர்சூக் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தைப் படியில் உட்கார்ந்திருந்தார்.

பாயிஸா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடக்காரப் பொடியன்கிட்ட எல்லாத்தையும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எல்லாத்தையும்?"

அவர் கையில் இருந்த மீன்களை மடிக்கு மாற்றினார்.

"ஹவுல் கழுவின அண்டைக்கு ஒங்கட சாரன்ல வெள்ளை வெள்ளையாச் சாயம் போயிருந்திச்சி. நான் கேக்கல்ல. ஒங்கட காலுக்கும் அப்பிடித்தான், நொண்டினதக் கண்டும் பதினொரு நாள் கேக்காம இருந்தேன். கேட்டிருந்தா ரெண்டு வெரல் மிஞ்சியிருக்கும்." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "இந்த முற கேக்கிறேன். என்ன போட்டீங்க?"

அந்த ஒரு கேள்வியில் மர்சூக்கின் நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது கரைந்தது. ஐம்பத்துநாலு வயது மனிதர், செத்த மீன்களை மடியில் வைத்துக்கொண்டு தேம்பி அழுதார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்ததும் பாயிஸா அவருடைய கைத்தொலைபேசியை எடுத்து, திவாகரனின் இலக்கத்தை அழுத்தி அவர் கையில் கொடுத்தாள்.

அந்தப் பக்கம் திவாகரன் முழுவதையும் கேட்டார்.

"நானா, ப்ளீச்சிங் மீனோட மேல்வழுவழுப்ப எரிச்சிரும். அந்த வழுவழுப்புத்தான் அதுக்குத் தோல் மாதிரி. அது போன எடத்துலதான் அழுகல் பூந்திருக்கு. டவுன் பைப் தண்ணிலயும் அதே சாமான் கொஞ்சம் இருக்கு. நீங்க தெனமும் முழுசா மாத்தினது, புண்ணக் கழுவுறேன்னு புண்ணுமேல திரும்பத் திரும்ப ஊத்தின மாதிரி."

"இனி என்ன செய்யிற தம்பி?"

"ஒரு பீப்பாயில தண்ணியப் புடிச்சி மூடாம ஒரு நாள் வெயில்ல வைங்க. தெனம் மூணுல ஒரு பங்குதான் மாத்தணும். பத்து லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு. மாத்துற தண்ணிக்கு மட்டும் உப்பு, மருந்து ரெண்டும் அளந்து போடுங்க. சாப்பாடு ஒரு சிட்டிக, மிஞ்சினா உடனே எடுத்துருங்க. அப்பறம் நானா..."

"சொல்லுங்க."

"மொதல்லயே சொல்லியிருந்தா ஏசியிருக்க மாட்டேன். இப்பவும் ஏசல. மீனுங்ககிட்ட மட்டும் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கங்க."

மறுநாள் பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் மர்சூக் ஷிராஸ் ஹாஜியாரின் முன்னால் போய் நின்றார். தூள் போட்டது தான்தான் என்றார். முழங்கால் மடித்துத் தேய்க்க ஏலாது என்று தெரிந்தால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்ததையும் சொன்னார்.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"ஒங்களுக்குக் கால் ஏலாது எண்டு ஊருக்கே தெரியும் மர்சூக். ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியல்ல." பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, "மீன் திரும்பி வரட்டும். பாப்போம்" என்று போய்விட்டார்.

பழைய தண்ணீர் முழுவதையும் இறைத்து, மூன்று தரம் அலசி, மறுபடி நிரப்பிய ஹவுல் வெறுமையாகக் காத்திருந்தது. கல்லில் மெல்லிய பச்சை திரும்பவும் படர்ந்தது. மர்சூக் அதைத் தேய்க்கவில்லை.

வீட்டில் பாயிஸா பீப்பாய்க்குக் காவல் இருந்தாள். அளவுக்கரண்டியை அவளே வைத்துக்கொண்டாள். முன்பு ஒன்றரை மாதம் அவருடைய காலுக்குக் கட்டுப் போட்ட அதே கைகள், அதே நேரம் தவறாமை. ஒரு மீன் தாங்காமல் போயிற்று. மற்ற ஒன்பதும் பிழைத்து நின்றன, அரிப்பு நின்றது. பதினோராம் நாள் காலையில் பாயிஸா அவரைக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. கண்ணாடியப் போட்டுக்கொண்டு வாங்க."

கிழிந்த செட்டையின் ஓரத்தில், பார்வைக்குத் தட்டுப்பட்டும் படாமலும், நூலளவு ஒரு புதுச் சவ்வு. நிறமே இல்லை. வெளிச்சம் பட்டால் மட்டும் தெரிந்தது.

"முளைக்குது" என்றார் மர்சூக். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

தலைநோன்புக்கு முந்திய நாள், அஸருக்குப் பிறகு ஒன்பது மீன்களும் ஓட்டோவில் வந்து இறங்கின. மர்சூக் அவற்றைப் பொலித்தீன் பைகளோடு ஹவுலில் மிதக்க விட்டு, தண்ணீரின் சூடு ஒத்துவரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். சனம் சுற்றி நின்றது. யாரோ ஒருவர் மீனுக்குப் போட ரோல்ஸ் பலகாரத் துண்டு ஒன்றை எடுத்தார்.

"அத நீங்களே சாப்பிடுங்க" என்றார் மர்சூக். "இனி இதுகளுக்குச் சாப்பாடு போடுறது நான் மட்டுந்தான். காலைல ஒரு சிட்டிக."

சிரிப்பு எழுந்தது. பைகளின் வாயைத் திறந்தார். ஒன்றன் பின் ஒன்றாக மீன்கள் நழுவிப் போயின. ஒன்றின் வால் வளைந்துதான் முளைத்திருந்தது. அது கொஞ்சம் சாய்ந்து நீந்தியது, ஆனால் மற்றவற்றோடு சேர்ந்தே நீந்தியது.

ஷிராஸ் ஹாஜியார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கல்விளிம்பில் குந்தினார். தண்ணீரைக் கையில் அள்ளி மணந்து பார்த்தார். பிறகு வாய் கொப்புளித்தார்.

"பைப் வரிசை இப்ப வாணாம்" என்றார், முகத்தைக் கழுவியபடி. "கிழமைக்கு ஒருக்கா நாலுல ஒரு பங்கு தண்ணி மாத்த ரெண்டு பேரப் போடுறேன். தேய்க்கிற வேல அவங்களுக்கு. நீங்க கதிரையில இருந்து எப்பிடிச் செய்யிற எண்டு சொல்லுங்க. சரியா?"

"சரி ஹாஜியார்."

"ஏலாத வேலய ஏலாது எண்டும் சொல்லுங்க."

மர்சூக் தலையாட்டினார். ஹாஜியார் அடுத்த கை தண்ணீரை அள்ளினார். அவருடைய விரல்களைத் தேடி ஒரு மீன் வந்தது. அவர் கையை உடனே எடுக்காமல், அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தானாகத் திரும்பிப் போகும்வரை தண்ணீரிலேயே வைத்திருந்தார்.