ஆகாயத்தாமரை பொறுக்கியவர்

கோவளத்தில் படகு வேலை போனபின் பாலாற்றை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, கால்வாய்க் கரையில் அவரைச் சந்தித்தேன். வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்க்கட்டி அவர். மெலிந்த கால்களில் சேறு காய்ந்திருந்தது. கால்வாயிலிருந்து ஆட்கள் வாரிப்போட்ட ஆகாயத்தாமரையில் சிந்திய துண்டுகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு துண்டு இருந்தாலும் மறுபடி பரவிவிடுமாம்.

தன் கூழில் பாதியை எனக்கு ஊற்றினார்.

"எல்லா நிலக்காரரும் இத வார ஆள் வுட்டாங்க, நைனா. மேலாண்ட குளத்துக்காரர் மட்டும் பூ அழகா கீதுன்னு தொட வுடல. மழ வந்தா அத்தினியும் இங்க எறங்கும். கரை நிக்காது."

"கேட்டீங்களா?"

"நாலு தபா தொரத்தினாரு. நாளைக்கும் போவேன். எனக்கு இன்னா வெக்கம்?"

மறுநாள் காலை எனக்கு வேலை கிடைத்தது, அந்தக் குளத்துக்குக் காவல். வானம் கறுத்திருந்தது. தூரத்தில் அவர் வந்துகொண்டிருந்தார். திட்டினால் பரவாயில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவாரோ என்றுதான் பயந்தேன்.