லயலின் பச்சை வில்லை

கூரை ஓரத்துத் தகரக் கால்வாயிலிருந்து காய்ந்த யூகலிப்டஸ் இலைகளை லயல் அள்ளிப் போட்டார். மகள் கெரின் கீழே ஏணியைப் பிடித்திருந்தாள். காட்டுத்தீக் காலம் தொடங்குமுன் வருடாவருடம் இருவரும் செய்யும் வேலை. மறுநாள் அவர் விமானமேறி வடக்கே இரும்புச் சுரங்கத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில்; பத்தொன்பது வருடமாக அப்படித்தான்.

"உன் பலகை இருக்கே, கெர்," என்றார் மேலிருந்து. "அத எல்லார் முன்னாடியும் மாட்டணுமா?"

"எல்லாரும் பாத்தாத்தான்ப்பா கூச்சம் போகும். படிவம் குடுத்தப்போ ஒருத்தரும் எழுதல. இப்போ நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பச்சை."

"ம்." ஒரு கைப்பிடி இலை விழுந்தது. "தலைய நகத்திக்க. அடுத்தது பெருசு."

அதே சுரங்க நிறுவனத்தின் பெர்த் அலுவலகத்தில் அவள் பொறியாளர். பலகை அவள் வடிவமைத்தது. வேலை தொடங்குமுன் ஒவ்வொருவரும் அதில் தன் பெயர் வில்லையை மாட்ட வேண்டும். நலம் என்றால் பச்சைப் பக்கம், மனம் சரியில்லை என்றால் மஞ்சள். மஞ்சள் வைத்தவனிடம் நாற்பது பேர் முன்னிலையில் மேற்பார்வையாளர் காரணம் கேட்பார். அன்று அவனுக்கு லாரி கிடையாது. சாமான் கிடங்கில் கையுறை எண்ண வேண்டும்.

லயல் முன்பு கோதுமை விவசாயி. நிலம் கைவிட்டுப் போனபின் வீடளவு உயர லாரிகளை ஓட்ட வந்தார். உணவுக்கூடத்தில் யாராவது தனியே சாப்பிட்டால், சாஸ் பாட்டில் கேட்கிற சாக்கில் தட்டோடு போய் உட்கார்ந்துவிடுவார். மனைவி இறந்தபின் அவருக்குத் தூக்கம் போயிற்று. இலை அள்ளுவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்டில் ஒரு நாள் மஞ்சள் வைத்தார்.

மஞ்சள் வைத்தவர்களின் பெயர்ப் பட்டியல் கெரினுக்கு வந்தது. அன்றே அழைத்தாள்.

"என் பலகையில என் அப்பாவே மஞ்சளா? மேல இருக்கறவங்க என்னையில்ல கேப்பாங்க! எதுன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க. அங்க பச்சையே வைங்கப்பா."

"சரிம்மா."

அவர் பிறகு எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

இலை அள்ளிய ஒன்பதாம் நாள், சுரங்க முகாம் அறையில் லயல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அன்று காலையும் அவர் வில்லை பச்சையில்தான் இருந்தது.

அவருடைய உடைமைகளை எடுக்கக் கெரின் முகாமுக்குப் போனாள். பெட்டியைத் தூக்க வந்த டெஸ், லயலோடு லாரி ஓட்டியவன், வாசலிலேயே நின்றான்.

"நாந்தாங்க காரணம்," என்றான். "அவரு மஞ்சள் வெச்ச அன்னிக்கு, 'எலுமிச்ச வந்தாச்சு, டீயில பிழிங்கடா'ன்னு கத்தினது நான். எல்லாரும் சிரிச்சானுங்க. அவரும் சிரிச்சாரு. மறுநாள்ல இருந்து பச்சை."

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். நிறுவனம் கேட்டிருந்த அறிக்கையில் 'சக ஊழியர்களின் கேலி' என்று ஒரு வரி எழுதினால் போதும். பலகை தப்பும், அவளும் தப்புவாள். அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்க இல்ல, டெஸ். பச்சை வைக்கச் சொன்னது நான். ஃபோன்ல. என் வேலைக்குக் கெட்ட பேர் வரும்னு."

டெஸ் நிமிர்ந்தான். முகம் சிவந்தது.

"அடச்சே! அப்போ நாங்கல்லாம் தினம் பொய் சொன்னது உங்களுக்கு மார்க் போடவா?"

"ஆமா," என்றாள். அறிக்கையிலும் அதைத்தான் எழுதப்போவதாகச் சொன்னாள்.

அவன் பெட்டியைத் தூக்கினான். பின் மறுபடி கீழே வைத்தான்.

"வர்ற வியாழக்கிழமை என்னை ஊருக்குள்ள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னிருந்தாரு. நானும் தூங்கி மாசக்கணக்காச்சு. அவருக்கு மட்டுந்தான் தெரியும். தனியா போனா இவன் வாசல்லயே திரும்பிடுவான்னு, அவரே வர்றதா இருந்தாரு."

"எத்தன மணிக்குக் கிளம்பணும்?"

"பத்தே காலுக்கு. முகாம் வண்டிய அவர் பேர்லதான் எழுதி வெச்சிருக்கு."