வீட்டுக்கு ஒரு வேலை

ஆர்ஃபா மண்டியிட்டு, ஆற்று மணலும் சாம்பல் தண்ணீரும் போட்டுத் தரைப் பலகைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் வெடித்திருந்தன. நிவாரண அலுவலகத்திலிருந்து வீட்டைப் பார்த்துப் போக அன்று மதியம் ஆள் வருவதாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருடம். கென்டக்கி மலைகளில் எங்கள் பள்ளத்தாக்கு நிலக்கரிச் சுரங்கம் மூடி மூன்று வருடம் ஆகியிருந்தது. ரூஸ்வெல்ட் அரசாங்கத்தின் வேலைத் திட்டத்தில் ஆண்கள் சாலை போட்டார்கள். தாய் நோயில் படுத்துவிட்ட வீடுகளுக்குப் போய்ச் சமைத்து, துவைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டும் வேலை பெண்களுக்கு. அந்தப் பெண்களைப் பழக்கி அனுப்புவது என் பொறுப்பு. என்னிடம் ஓர் இடம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஆள் போடாவிட்டால் அது அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும்.

ஆர்ஃபாவுக்கு அந்த இடம் வேண்டும். போன குளிர்காலத்தில் சோறு போட முடியாமல் சின்ன மகள் நெல்லியை ஆற்றுக்கு அப்பால் அக்கா வீட்டில் விட்டிருந்தாள். வேலை கிடைத்தால் கூட்டி வந்துவிடலாம்.

ஒரு வீட்டுக்கு ஒரு வேலைதான், அதுவும் குடும்பத் தலைவருக்கு. அவருக்கு உடம்பு முடியாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே மனைவிக்குத் தருவார்கள். எங்கோ மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிய விதி. மோசமான விதி என்று சொல்ல மாட்டேன். எழுதியவர்களுக்கு எங்கள் ஆண்களைத் தெரியாது, அவ்வளவுதான். ஆர்ஃபாவின் கணவன் வெர்லினுக்கு நுரையீரல் முழுக்க நிலக்கரித் தூசி; சாலை வேலைக்கும் போக முடியாது, டாக்டரிடமும் போக மாட்டான்.

மதியத்துக்கு முன் பக்கத்து வீட்டு லூட்டி, துணியில் சுற்றிய பன்றித் தொடைக்கறியோடு வந்தாள்.

"கவர்மென்ட் பொம்பளை வர்றா. வெறும் பீன்ஸையா அவ முன்னால வைப்பே? இந்தா. சாயங்காலம் திருப்பிக் குடுத்துடு, பல் பட்ட தடம் இல்லாம."

ஆர்ஃபா கறியை மேசை நடுவில் வைத்தாள். லூட்டியின் பீச் பழ ஜாடிகள் இரண்டையும் ஜன்னலோரம் அடுக்கினாள். கட்டிலில் இரவல் மெத்தை விரிப்பு. வெர்லின் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

வந்தவள் மிஸ் பிரிட்சார்ட், நகரத்துப் பெண். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள்.

"உடம்பு எப்படி இருக்குங்க?"

"எனக்கென்னங்க? நாளைக்கே சுரங்கம் திறந்தா முதல் ஆளா இறங்குவேன்."

எங்கள் பள்ளத்தாக்கில் சாகக் கிடப்பவனும் அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைத்தான் சொல்வான். மிஸ் பிரிட்சார்டுக்கு அது தெரியாது. வீட்டில் உணவு போதுமான அளவு இருக்கிறது, கணவர் நலம் என்று எழுதிக்கொண்டு போனாள்.

புதன்கிழமை மறுப்புத் தாள் என் கைக்கு வந்தது. வியாழக்கிழமை மதியம் நேராக அங்கே போனேன்.

"ஏண்டி, இரவல் கறியைக் காட்டி வேலையைத் தொலைச்சிட்டியே."

"வீடு தேடி வந்தவளுக்குக் காலிப் பானையையா காட்டுவாங்க?" என்றாள் ஆர்ஃபா. அழவில்லை. அழக்கூடத் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை.

வெர்லினிடம் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் பார்த்து, வேலை செய்ய இயலாதவர் என்று எழுத வேண்டும். மறுநாள் கடைசி நாள்.

"அப்படியே சவப்பெட்டிக்கும் அளவெடுத்துட்டுப் போங்களேன்," என்றான்.

"அளவு எனக்குத் தெரியும். போன வருஷத்துக்குப் பாதியா ஆயிட்டீங்க. பலகை மிச்சம்."

"பொண்டாட்டி சம்பாதிச்சுத் தின்னேன்னு ஊரெல்லாம் பேசணுமா?"

"ஊரு எங்க இருக்கு? பாதிப் பேரு சாலையில மண்ணு வெட்டறான். மீதிப் பேரு என் ஆபீஸ் வாசல்ல நிக்கறான். சரி, ஒண்ணு செய்யலாம். ஊத்துக்குப் போய் ஒரு வாளி தண்ணி கொண்டு வாங்க. கொண்டு வந்துட்டா நான் வாயைத் திறக்காம போயிடறேன்."

செய்யக் கூடாத காரியம்தான். நோயாளியை அப்படி ஏவுகிறவளை நானே வேலையிலிருந்து நிறுத்தியிருப்பேன். ஆனால் வேறு வழி தோன்றவில்லை.

ஊற்று நூறு அடி தூரம், இறக்கம். வாளியோடு போனான். ஆர்ஃபா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சுத்தமாக இருந்த பீன்ஸை மறுபடி பொறுக்கினாள். நான் கதவருகே நின்று இருமலை எண்ணினேன். ஏறும் வழியில் மரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை நின்றான். மூன்றாவது முறை உட்கார்ந்துவிட்டான்.

நான் போகவில்லை. போயிருந்தால் என்னை மன்னித்திருக்க மாட்டான்.

வெகுநேரம் கழித்துக் கையில் வாளி இல்லாமல் வந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"நெல்லி திரும்ப வந்தா எங்க படுப்பா?" என்று ஆர்ஃபாவைக் கேட்டான்.

"என் பக்கத்துல."

"சரி," என்றான். பிறகு என்னைப் பார்த்து, "எத்தனை மணிக்குப் போகணும்?"

"ஆறு மணிக்கு வண்டி கொண்டு வர்றேன். அந்த வெள்ளைச் சட்டை வேணாம். டாக்டர் எப்படியும் எல்லாத்தையும் கழட்டச் சொல்வாரு."

மறுநாள் காலை லூட்டி வீட்டுக் கோவேறு கழுதையை வண்டியில் பூட்டிக்கொண்டு போனேன். அவன் அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தான். நகரத்தின் முதல் வீடு தெரிந்ததும், "இங்கேருந்து என் காலாலயே போறேன்," என்று வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினான். டாக்டர் வீட்டுக்கு இன்னும் இரண்டு தெரு இருந்தது. எனக்கு அன்று மூன்று வீடுகள் பார்க்க வேண்டியிருந்தது. இருந்தாலும் கழுதையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். வேலி கண்ட இடத்திலெல்லாம் பிடித்து நின்று, அரை மணி நேரத்தில் அந்தக் கதவை அடைந்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு தட்டினான்.