வந்துக்கினே இரு

ராணுவத்தில் நான் ரேடியோ ஆபரேட்டர். ஒருவர் போட்ட உத்தரவை இன்னொருவர் காதில் சேர்ப்பதுதான் பதினேழு வருஷம் நான் பார்த்த வேலை. சங்கராபுரம் டீக்கடையில் யாராவது சண்டைக் கதை கேட்டால், "நான் எங்க சண்டை போட்டேன், தபால்காரன் வேலை பாத்தேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். சிரிப்பார்கள். அதில் ஒரு தபாலை நான் எப்படிச் சேர்த்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன் ஒரு வெள்ளிமலைக்காரன். அவனும் ரேடியோதான். எல்லையில் ஒரு மலை முகட்டுக்கு எட்டு பேரைக் காவலுக்கு அனுப்பியபோது அவனும் போனான். எட்டு பேரும் எங்கள் பட்டாலியன். முகடோ பக்கத்துப் பட்டாலியனின் பொறுப்பு. அதனால் 'அட்டாச்மென்ட்' என்று ஒரு காகிதம் போட்டு இவர்களை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். சோறு எங்களிடமிருந்து போகும், உத்தரவு அங்கிருந்து வரும்.

ஒரு காலையில், அந்த முகட்டின் பின்பக்கச் சரிவில் எதிரிகள் ஏறுவதை எங்கள் கம்பெனி கமாண்டர் பைனாகுலரில் பார்த்தார். முகட்டில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. பள்ளத்தாக்கில் உட்கார்ந்திருந்த பக்கத்துப் பட்டாலியன் கமாண்டருக்கும் தெரியாது. பார்த்தவருக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் இருந்தவர் பார்க்கவில்லை. நாங்கள் எங்கள் பட்டாலியனுக்குச் சொன்னோம். அவர்கள் இரண்டு பட்டாலியனுக்கும் மேலே இருந்த பிரிகேடுக்குச் சொன்னார்கள். பிரிகேட் பக்கத்துப் பட்டாலியனைக் கேட்டது. அவர்கள், "பார்த்தது யார்?" என்று வந்த வழியே திருப்பிக் கேட்டார்கள். பீரங்கியும் அதே அனுமதிக்குத்தான் காத்திருந்தது. நாற்பது நிமிஷம் என் காதில் 'வெயிட் பண்ணு' மட்டும்தான். தோட்டா கம்மி இல்லை, ஆள் கம்மி இல்லை. 'இறங்கி வா' என்று சொல்ல ஒரு வாய்தான் கம்மி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரேடியோவை முகட்டில் இருந்தவர்களுடைய அலைவரிசைக்குத் திருப்பினேன். அதில் பேச எனக்கு உரிமை கிடையாது. யார் கேட்டாலும் புரியக் கூடாது என்று ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன்: "டேய், பின்னால ஏறிக்கினு இருக்கானுங்க. எல்லாரையும் இட்டுக்கினு கெளம்பு. எங்கியும் நிக்காத, வந்துக்கினே இரு."

ஒரே இரைச்சல். பிறகு அவன் குரல்: "சரிடா, இருக்கேன்."

நன்றாகத்தான் இருக்கிறான், கிளம்பிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்வது ரேடியோக்காரனின் முதல் பாடம். நான் கேட்கவில்லை. திருட்டுத்தனமாகப் பேசுகிறவனுக்கு எங்கே நிதானம் இருக்கும்?

இரண்டு பேர்தான் உயிரோடு வந்தார்கள். அதில் ஒரு வடநாட்டுக்காரன் என்னிடம் சொன்னான்: "எங்களுக்குச் சந்தேகம் வந்தது, இறங்கலாம் என்றோம். உன் ஊர்க்காரன்தான் விடவில்லை. இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள், இப்போதுதான் செய்தி வந்தது என்றான்."

நான் சொன்னது முழுக்க இரைச்சலில் போய், கடைசிச் சொல் மட்டும் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. 'இரு.'

விசாரணை நடந்தது. இரண்டு பட்டாலியனும் ஆளுக்கொரு காகிதத்தைக் காட்டி, அந்த எட்டு பேரும் தங்கள் பொறுப்பில் இல்லை என்றார்கள். எல்லாக் காகிதமும் சரியாகத்தான் இருந்தது. "நீ ஏதாவது செய்தி அனுப்பினாயா?" என்று என்னையும் கேட்டார்கள். "இல்லை சார்" என்றேன். அங்கே பொய் சொன்னவன் நான் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு வருஷம் ஒருமுறை கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போவேன். அவன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று மலை ஏறுவேன், சொல்லாமல் இறங்குவேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

போன மாதம் வெள்ளிமலையில் அவனுக்குக் கல்வெட்டு திறந்தார்கள். கடைசி வரை இறங்காமல் நின்ற வீரன் என்று செதுக்கியிருந்தார்கள். தங்கச்சி வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"நான் இன்னாத்துக்கு வரணும்? ரெண்டு பேரு எறங்கி வரலியா? இவரும் வந்திருக்கலாம். நானும் பொண்ணும் அவருக்குப் பெருசாத் தெரியல. அந்த மலைதான் பெருசாப் போச்சு."

இத்தனை வருஷம் அவள் பேச்சில் இருந்தது துக்கம் என்று நினைத்திருந்தேன். அது கோபம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. செத்தவன் மேல் கோபம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அலைவரிசை, இரைச்சல், அந்த ஒரு சொல், விசாரணையில் சொன்ன பொய், எதையும் விடவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவள் ஒன்றுதான் கேட்டாள். "நீங்க சொன்னது முழுசா காதுல வுழுந்திருந்தா எறங்கியிருப்பாரா?"

"ஓடி வந்திருப்பான்மா."

சுவரில் இருந்த அவன் போட்டோவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பன்னெண்டு வருஷமா அந்த மனுசன் போட்டோவுக்கு நான் ஒரு பூ வைக்கலண்ணா," என்றாள். "நீங்க வருஷா வருஷம் வந்து, என் கையால சாப்ட்டுட்டுப் போனீங்க."